எலும்பின் பதில்

எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் யாருக்கும் கண் ஓட்டைக்குத்தான் போகும். எலும்பு கரைந்து கறுத்த இடம். நோய் அங்கேதான் இருக்கிறது என்று தோன்றும். என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளிடம், ஓட்டையைச் சற்று மறந்துவிட்டு அதன் ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவரச் சொல்வேன். கறுப்பு, கட்டி செய்த வேலை. ஓரம், அதற்கு எலும்பு சொன்ன பதில்.

மெல்ல வளரும் கட்டி எலும்புக்கு அவகாசம் தருகிறது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். அந்த அவகாசத்தில் எலும்பு, வயலைச் சுற்றி வரப்பு எடுப்பதுபோல, கட்டியைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை எடுக்கிறது. பென்சிலால் வரைந்துவிடக்கூடிய ஓரம் அது. வேகமாக வளரும் கட்டி அதற்கு நேரம் விடாது. நோய் முடியும் இடமும் நல்ல எலும்பு தொடங்கும் இடமும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடக்கும். இதுதான் எல்லை என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

அமெரிக்கக் கதிரியல் மருத்துவர் க்விலிம் லாட்விக் இந்த ஓரங்களை வகை பிரித்தார். தெளிந்த எல்லையுள்ள ஒற்றைக் குழி. அந்து அரித்த துணியில் இருக்குமே, அப்படிப் பல சிறு குழிகள். எல்லையே தெரியாமல் எலும்புக்குள் ஊடுருவிப் பரவிய சிதைவு. முதல் வகையிலிருந்து கடைசி வகைக்குப் போகப்போக வேகம் கூடுகிறது, பயமும் கூடுகிறது. 1963-லேயே இவர் எலும்புக் கட்டிகளின் எக்ஸ்ரே அடையாளங்களைக் கணினியில் ஏற்றி, எது எந்தக் கட்டியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டுப் பார்த்தவர். கணினி பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. அவர் பார்க்கச் சொன்ன ஓரத்தையே நாங்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*

ஓரம் வேகத்தைச் சொல்லும், பெயரைச் சொல்லாது. எலும்பில் சீழ் வைக்கும் ஆஸ்டியோமைலிடிஸ் சில நாட்களில் ஒரு புற்றுநோயின் கோரத்தை ஃபிலிமில் காட்டிவிடும். குழந்தைகளுக்கு வரும் ஈசினோஃபிலிக் கிரானுலோமாவும் அப்படித்தான். பார்க்க முரட்டுத்தனம், பல சமயம் தானே ஆறிவிடும். எதிர்ப்பக்கமும் உண்டு. மயலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோய் மண்டையோட்டில் துளைக்கருவியால் குத்தி எடுத்ததுபோல் சுத்தமான வட்டங்களாகத் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. எலும்பின் தாதுப்பொருளில் 30 முதல் 50 சதவீதம் கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் அது வெறும் கண்ணுக்குத் தெரியும். மஜ்ஜைக்குள் மட்டும் பரவியிருக்கும் கட்டி ஆரம்பத்தில் ஒரு சுவடும் காட்டாமல் இருக்கலாம். ஃபிலிம் சுத்தமாக இருந்தும் பிள்ளைக்கு வலி நிற்கவில்லை என்றால் பிள்ளையைத்தான் நம்ப வேண்டும்.

*

ஓரத்துக்கு முன்னால் இரண்டு கேள்விகள். வயது என்ன? எந்த எலும்பில், எலும்பின் எந்தப் பகுதியில்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தாலே சந்தேகப் பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும். வயது எழுதாமல் வரும் கவர்களை நான் திறப்பதில்லை. வெளியே கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் உட்காருவேன்.

ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் 10 முதல் 25 வயதுக்குள் வருகிறது. உடம்பில் எலும்பு மிக வேகமாக நீளும் இடம் முழங்காலைச் சுற்றித்தான்: தொடையெலும்பின் கீழ்முனை, கால் எலும்பின் மேல்முனை. அந்த வயதில், அந்த இடத்தில்தான் இதுவும் தலையெடுக்கிறது. யூயிங் சர்கோமா இன்னும் சிறு வயதிலும் வரும். நீண்ட எலும்பின் நடுத்தண்டையும் இடுப்பெலும்பையும் நாடும். ஜயண்ட் செல் கட்டி, எலும்பை நீளச் செய்யும் வளர்தட்டு மூடிய பிறகு, 20-க்கும் 40-க்கும் நடுவில், மூட்டை ஒட்டிய முனையில் வரும். நாற்பதைத் தாண்டியவருக்கு எலும்பில் புதிதாக ஓட்டை தெரிந்தால் எலும்பிலேயே பிறந்த கட்டியைத் தேடுவதற்கு முன் மார்பகம், நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம், ஆண்களானால் ப்ராஸ்டேட் என்று பார்த்து வர வேண்டும். வேறெங்கோ பிறந்து எலும்புக்கு வந்து சேர்ந்ததாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

*

எலும்பின் மேல் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. கீழிருந்து யாராவது தள்ளினால் அது சும்மா இருக்காது. புது எலும்பு போடும். மெதுவாகத் தள்ளினால் கனமாக, திண்மையாக ஒரே அடுக்குப் போடும். விட்டுவிட்டுத் தள்ளினால் அடுக்கடுக்காகப் போடும். வெங்காயத் தோல் என்று பாடநூல்கள் பெயர் வைத்திருக்கின்றன. நிற்காமல் வேகமாகத் தள்ளினால் அடுக்குப் போட நேரமில்லாமல் செங்குத்தாக ஊசி ஊசியாகப் போடும். அது சூரியக் கதிர். நடுவில் உறையையே கிழித்துக்கொண்டு கட்டி வெளியேறிவிட்டால் ஓரத்தில் தூக்கி நிற்கும் சிறு முக்கோணம் மட்டும் மிஞ்சும். அதற்கு காட்மன் முக்கோணம் என்று பெயர்.

எர்னஸ்ட் காட்மன் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். அறுவை செய்த ஒவ்வொரு நோயாளியும் பிறகு என்ன ஆனார் என்று மருத்துவமனைகள் தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும் என்று வற்புறுத்தியவர். சக மருத்துவர்களுக்கு அது கசந்தது. 1920-களின் தொடக்கத்தில் எலும்பு சர்கோமாவுக்காக அவர் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார். நாடெங்கும் உள்ள மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, எக்ஸ்ரேயையும் திசு வில்லைகளையும் நோயாளியின் கதியையும் அனுப்பச் சொன்னார். ஒரே கட்டியை ஊருக்கு ஒரு பெயரில் அழைத்துக்கொண்டிருந்த காலம். காட்மனும் ஜேம்ஸ் யூயிங்கும் ஜோசஃப் ப்ளட்குட்டும் உட்கார்ந்து எல்லாருக்கும் பொதுவான பெயர்களை வகுத்தார்கள். அரிய நோயை ஒரு தனி மருத்துவர் தன் ஆயுளில் கற்றுக்கொள்ள முடியாது. பலரும் பார்த்ததை ஓரிடத்தில் சேர்த்தால்தான் முடியும் என்று அவர் கண்டுகொண்டிருந்தார். முக்கோணத்தைவிட அந்தப் பதிவேட்டுக்காகவே நான் அவரைக் கும்பிடுவேன்.

*

வலியைப் பற்றி.

வலி எவ்வளவு என்பதை வைத்து நோயின் தன்மையை அளக்க முடியாது. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா தீங்கற்ற கட்டி. அதன் கரு ஒன்றரை சென்டிமீட்டரைப் பெரும்பாலும் தாண்டாது. இரவில் அது தரும் வலியோ பிள்ளையையும் தூங்கவிடாது, வீட்டையும் தூங்கவிடாது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரை ஒன்று போட்டால் சிறிது நேரத்தில் மாயமாய்ப் போகும். அந்தச் சிறு கரு சுரக்கும் ப்ராஸ்டாகிளாண்டின் என்னும் பொருளை அந்த மாத்திரை அடக்குகிறது. இதைத் தனிக் கட்டியாக 1935-இல் பிரித்துக் காட்டியவர் நியூயார்க்கின் ஹென்றி ஜாஃபே. முதுகெலும்பில் வந்தால் பிள்ளை ஒருபக்கம் வளைந்து நடக்கும். தொடையெலும்பின் கழுத்தில் வந்தால் முழங்கால் வலிக்கிறது என்று சொல்லும். இப்போதெல்லாம் சி.டி. பார்த்தபடியே ஊசி செலுத்தி அந்தக் கருவைச் சுட்டுவிடுகிறார்கள். பல நாள் கழித்து அந்தப் பிள்ளைகள் விடியும்வரை தூங்குகிறார்கள்.

ஆஸ்டியோசர்கோமாவோ ஆரம்பத்தில் வந்து வந்து போகும் ஒரு மந்தமான வலியாகவே இருக்கலாம். வளர்ற பிள்ளைக்கு வர்ற வலிதானே என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வளர்ச்சி வலி இரண்டு காலிலும் மாறி மாறி வரும். சாயங்காலமோ ராத்திரியோ வந்து காலையில் இருக்காது. பிள்ளை மறுநாள் ஓடும். ஒரே காலில், ஒரே இடத்தில், வாரக்கணக்கில் நின்று, ஓய்வெடுத்தாலும் குறையாமல், தொட்டால் கொஞ்சம் தடித்துத் தெரியும் வலி வேறு. அதற்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். செலவு அதிகமில்லை. எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் எடுக்கலாம்.

*

“பந்து விளையாடினப்ப அடிபட்டதுங்க டாக்டர், அதிலேர்ந்துதான்.” இந்த வாக்கியத்தை எத்தனை அம்மாக்களிடம் கேட்டிருக்கிறேன். அடியால் கட்டி வருவதில்லை. ஏற்கெனவே இருந்த இடத்தில் அடிபடுகிறது, அல்லது நலிந்த எலும்பு சின்ன அடிக்கே வலிக்கிறது, கவனம் அங்கே திரும்புகிறது. ஆனால் அடி என்ற காரணம் கையில் கிடைத்துவிட்டால் மற்ற காரணம் எதையும் மனம் தேடாது. சுளுக்கு வழிப்பவரிடம் போவார்கள், எண்ணெய் போட்டு உருவுவார்கள், கட்டுப் போடுவார்கள். முட்டைப்பற்றுக்கு அடியில் வீக்கம் வளர்ந்துகொண்டிருக்கும். நம் ஊரில் கட்டுப்போடும் வைத்தியர்கள் எத்தனையோ எலும்பு முறிவுகளைக் கூட்டியவர்கள். அவர்கள் கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். வேண்டுவதெல்லாம் இதுதான்: கட்டுப் போடுவதற்கு முன் ஒரு ஃபிலிம். அது சுத்தம் என்று தெரியும்வரை அந்த வீக்கத்தை யாரும் அழுத்தி உருவக் கூடாது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. கனடாவின் டெர்ரி ஃபாக்ஸ் 1976-இல் ஒரு கார் விபத்தில் வலது முழங்காலில் அடிபட்டார். பிறகு வலி வந்தபோது கூடைப்பந்துப் பருவம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். 1977 மார்ச்சில் ஆஸ்டியோசர்கோமா என்று தெரிந்தது. பதினெட்டு வயதில் முழங்காலுக்கு மேலே கால் போயிற்று. விபத்தால் நலிந்த முழங்காலில்தான் நோய் வந்தது என்று அவர் நம்பினார். மருத்துவர்கள் இரண்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூனில் இறந்தார்.

*

தொடாமல் விட வேண்டியவை உண்டு. இதைக் கற்றுக்கொள்ளத்தான் அதிக நாள் ஆகிறது.

விழுந்து அடிபட்ட பிள்ளைக்கு எடுத்த எக்ஸ்ரேயில், அடிபடாத இடத்தில் எலும்பின் ஓரமாக நீள்வட்டமாய் ஒரு குழி, சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கரை. எலும்பாகாத ஃபைப்ரோமா (நான்-ஆஸிஃபையிங் ஃபைப்ரோமா). வளரும் பிள்ளைகளிடம் இது மிகச் சாதாரணம். பெரும்பாலானவர்கள் அது இருந்ததே தெரியாமல் வளர்ந்து பெரியவர்களாகிவிடுகிறார்கள், குழியும் தானே நிறைந்துவிடுகிறது. இதற்கு ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். பெயரை எழுதி, ஒன்றும் செய்ய வேண்டாம் என்றும் எழுதிக் கொடுப்பது கதிரியலாளரின் கடமை. அந்த இரண்டாவது வரியை எழுதாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு எத்தனை இரவு தூக்கம் போகும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் இன்னும் நுட்பமானது. தசையில் பலமாக அடிபட்ட பிறகு அங்கே எலும்பு போல ஒன்று உருவாகும்; அது புற்றுநோயல்ல. ஆனால் ஆரம்ப வாரங்களில் அதன் நடுவிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் தாறுமாறாகப் பெருகும் செல்களும் பிஞ்சு எலும்புமாக, ஆஸ்டியோசர்கோமா என்றே தோன்றக்கூடும். பொறுத்திருந்து சில வாரம் கழித்துப் படம் எடுத்தால் முதிர்ந்த எலும்பு வெளி ஓரத்தில் வளையமாகத் தெரியும், நடு இளசாக இருக்கும். ஆஸ்டியோசர்கோமாவில் இது தலைகீழ். முதிர்ந்தது நடுவில், இளசு வெளியே. அவசரப்பட்டு எடுத்த துணுக்கால் ஒரு கால் போகலாம்.

*

எம்.ஆர்.ஐ. பற்றி என் மனக்குறை. முழங்கால் வலி என்றதும் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய்ப் பெரும் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். கட்டி எதுவரை பரவியிருக்கிறது, நரம்பும் ரத்தக்குழாயும் அதற்குள் சிக்கியிருக்கின்றனவா, அதே எலும்பில் வேறு இடத்தில் இன்னொரு துளி இருக்கிறதா என்பதையெல்லாம் எம்.ஆர்.ஐ. போல வேறெதுவும் சொல்லாது. ஆனால் கட்டி நல்லதா கெட்டதா என்று கேட்டால் பழைய எக்ஸ்ரேதான் பெரும்பாலும் நன்றாகச் சொல்கிறது. அந்தச் சின்ன ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமாவைச் சுற்றி எம்.ஆர்.ஐ.யில் வீக்கநீர் பரந்து தெரியும். எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அதை மட்டும் பார்த்தவர் சர்கோமா என்று எழுதிவிடக்கூடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

*

நல்லது, கெட்டது என்ற இரண்டு அறைகளில் எல்லாவற்றையும் அடக்கிவிட முடியவில்லை.

குருத்தெலும்புக் கட்டியை எடுத்துக்கொள்வோம். கைவிரல் எலும்பில் உள்ள கட்டியில் செல்கள் நெருக்கமாக, கொஞ்சம் ஒழுங்கற்று இருந்தாலும் அது பெரும்பாலும் தீங்கற்றதே. அதே தோற்றம் இடுப்பெலும்பிலிருந்து வந்தால் காண்ட்ரோசர்கோமா. நுண்ணோக்கியில் தெரிவது ஒன்றேதான். எங்கிருந்து வந்தது என்பது தீர்ப்பை மாற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வகைப்பாடு இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. கை கால் எலும்புகளில் வரும் குறைந்த தரக் குருத்தெலும்புக் கட்டிக்கு ஒரு பெயர். இடுப்பு, முதுகெலும்பு போன்ற நடுவெலும்புகளில் வரும் அதே கட்டிக்குப் புற்றுநோய்ப் பெயர். ஏனென்றால் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு. ஃபிலிமைப் பார்க்காமல் எலும்புத் துணுக்குக்கு அறிக்கை எழுத மாட்டேன் என்று ஒரு நோய்க்குறியியலாளர் பிடிவாதம் பிடித்தால் அவரைக் கொண்டாட வேண்டும்.

ஜயண்ட் செல் கட்டி எங்களுக்கு மிகவும் பழக்கமானது. மேலைநாடுகளில் எலும்பிலேயே பிறக்கும் கட்டிகளில் இது சுமார் 5 சதவீதம்; தென்னிந்தியாவிலும் சீனாவிலும் 20 சதவீதம் வரை என்று பாடநூல்கள் சொல்கின்றன. புற்றுநோய் அல்ல. ஆனால் மூட்டுவரை எலும்பைத் தின்றுவிடும். சுரண்டி எடுத்து சிமென்ட் வைத்து அடைத்தாலும் திரும்ப வரும். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு நுரையீரலிலும் போய் உட்காரும், அங்கும் பெரும்பாலும் சாந்தமாகவே இருக்கும். சுற்றிலும் வெள்ளைக் கரையும் இராது. 2013-இல் இந்தக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் ஒரே ஹிஸ்டோன் மரபணுவில் ஒரே இடத்தில் பிறழ்வு இருப்பது தெரியவந்தது. குழப்பமான துணுக்குகளில் இப்போது அந்தப் பிறழ்வைத் தேடிப் பார்க்கிறார்கள். இதுபோன்ற கட்டிகளுக்காகவே நடுவில் மூன்றாவதாக ஒரு அறை கட்ட வேண்டியதாயிற்று.

யூயிங் சர்கோமாவும் சீழும். யூயிங் 1921-இல் இந்தச் சர்கோமாவைப் பற்றி எழுதினார். பிள்ளைக்குக் காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளணு கூடுதல், காலில் சிவந்த வீக்கம். திறந்து பார்த்தால் உள்ளே சீழ் போலவே குழைந்த திரவம். எலும்புச் சீழும் எலும்புக் காசநோயும் நிறைய உள்ள நம் நாட்டில் இது எவ்வளவு எளிதாக ஏமாற்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் நல்ல எலும்பு மருத்துவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சீழ் என்று எடுத்ததில் ஒரு பங்கைச் சதைப் பரிசோதனைக்கும், கட்டி என்று எடுத்ததில் ஒரு பங்கைக் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பிவிடுவார்கள்.

*

கனடாவின் ஆல்பர்ட்டாவில் 1989-இல் ஒரு டைனோசரின் கால் எலும்பு கிடைத்தது. கொம்புள்ள சென்ட்ரோசாரஸ்; 7 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையது. எலும்பின் ஒரு முனை புடைத்திருந்தது. முறிந்து கூடிய இடம் என்று எழுதி வைத்தார்கள். பல வருடம் கழித்து எலும்பு மருத்துவர், கதிரியலாளர், நோய்க்குறியியலாளர், தொல்லுயிர் ஆய்வாளர் என்று பல துறையினர் கூடி, அதைச் சி.டி.யில் வைத்து, மெல்லிய சீவலாக வெட்டிப் பார்த்து, ஒரு மனிதரின் ஆஸ்டியோசர்கோமாவோடு ஒப்பிட்டார்கள். முறிவல்ல, ஆஸ்டியோசர்கோமா என்று 2020-இல் எழுதினார்கள். அடிபட்டது என்ற முதல் விளக்கத்தை விட்டு வெளியே வர அங்கும் இத்தனை பேர் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருந்தது.

*

பயாப்சி கடைசிக் கேள்வி, முதல் கேள்வியல்ல. படங்கள் எல்லாம் எடுத்து முடித்த பிறகு, பின்னால் கட்டியை அகற்றப்போகும் அறுவை மருத்துவரே ஊசி போட வேண்டும், அல்லது அவர் குறித்துக் கொடுக்கும் வழியிலேயே அது போக வேண்டும். ஊசி போன தடத்தில் கட்டியின் செல்கள் சிந்தலாம். அறுவையின்போது அந்தத் தடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். கீறல் குறுக்காகப் போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய காலை எடுக்க வேண்டிவரும். ஹென்றி மேன்கினும் அவர் சகாக்களும் 1982-இல் 329 நோயாளிகளின் பயாப்சிகளை ஆராய்ந்தபோது 18.2 சதவீதத்தினருக்கு நோயறிதலில் பெரிய தவறு நேர்ந்திருந்தது, 4.5 சதவீதத்தினர் தேவையில்லாமல் கை காலை இழந்திருந்தனர். சிகிச்சை நடக்கப்போகும் இடத்தில் அல்லாமல் வெளியே எடுத்த பயாப்சிகளில்தான் சிக்கல் மிக அதிகம். 1996-இல் மறுபடி ஆராய்ந்தபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆகவே ஃபிலிமில் சந்தேகம் வந்தால் அங்கேயே கீறிப் பார்த்துவிடாமல், எலும்புப் புற்றுநோய் அறுவை செய்யும் இடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

சரியாக அடையாளம் கண்டால் பலன் இருக்கிறது. 1986-இல் வெளியான ஒரு ஆய்வில், ஆஸ்டியோசர்கோமாவுக்கு அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் இரண்டு வருடம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் 17 சதவீதம். கீமோவும் சேர்த்துக்கொண்டவர்களில் 66 சதவீதம். பரவாத நிலையில் கண்டால் இன்று பத்தில் ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலோருக்குக் காலும் தங்குகிறது. முதலில் கீமோ, பிறகு கட்டியிருந்த எலும்பை அகற்றி உள்ளே உலோக எலும்பு. அகற்றிய எலும்பை நோய்க்குறியியலாளர் நீளவாக்கில் அறுத்து, கட்டங்கட்டமாகக் குறித்து, எத்தனை பங்கு செல் செத்திருக்கிறது என்று பார்ப்பார். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது. குறைவு என்றால் மேலும் மருந்து சேர்த்துப் பார்க்கலாமா என்று பல நாடுகள் கூடி ஒரு பெரிய ஆய்வு நடத்தின. 2016-இல் வந்த முடிவில் சேர்த்ததால் பலன் கூடவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தருவது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.